கசடை எரிச்சிடலாம், அதுல இருக்கிற குரோமியத்தை என்ன பண்ணுவீங்க?

தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கத்துத் தோழர்களே!

கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குற படத்தை வருஷா வருஷம் பகிர்றோம். பெங்களூரு சாக்கடையும் ஆலைக் கழிவும் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியா தென்பெண்ணையில் இறங்கி, கொடியாளம் தாண்டி நம்ம அணைக்கு வருது. சுமார் 8,000 ஏக்கர் அந்தத் தண்ணியை நம்பி இருக்கு.

சுத்திகரிச்சு விடுங்கன்னு கேட்கிறோம். நியாயமான கோரிக்கை. ஆனா சாக்கடையைச் சுத்திகரிச்சா தண்ணி ஒரு பக்கம் போகும், கசடு ஒரு பக்கம் தங்கும். நிலையம் ஒழுங்கா ஓட ஓட கசடு கூடத்தான் செய்யும். அதை எங்கே கொட்டுறதுன்னு கேள்வி வந்ததும், "எரிச்சிடலாமே, கரண்டும் எடுக்கலாமே" என்று சுலபமா ஒரு பதில் வரும். அந்த இடத்துல நாம உஷாரா இருக்கணும்.

பிழிஞ்செடுத்த கசடுலயே நூற்றுக்கு 75, 80 பங்கு தண்ணிதான். ஈர விறகு அடுப்புல எப்படி எரியும்னு நம்ம அம்மாக்களுக்குத் தெரியும். புகைஞ்சுக்கிட்டே கிடக்கும். அப்படி அரைகுறையா எரியும்போதுதான் டயாக்சின் உருவாகுது. 1997லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, டயாக்சின்களிலேயே கொடிய வகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு அறிவிச்சிடுச்சு. கண்ணுக்குத் தெரியாது, வாடை வராது. புல்லுல படியும், மாடு மேயும், பால் கொழுப்புல சேரும். மனுஷ உடம்புக்குள்ள போனா பாதி குறையவே ஏழு வருஷத்துக்கு மேல ஆகும். கறவை மாட்டை வெச்சுப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிற தளி குடும்பங்களுக்கு இது தூரத்து விஷயம் இல்ல.

அடுத்தது உலோகம். முலாம் பூசுற பட்டறைத் தண்ணி சாக்கடையில் கலந்தா குரோமியம், நிக்கல், காட்மியம் எல்லாம் கசடுல வந்து உட்காரும். நெருப்பு அதை அழிக்காது. பாதரசம் ஆவியாகிப் புகையோட போயிடும், மத்தது பெரும்பாலும் சாம்பல்ல தங்கும். ஓரளவு சாதுவான குரோமியம்கூட எரியும்போது கொடிய ஆறாம் நிலை குரோமியமா மாறலாம். அந்தச் சாம்பலை எந்த ஏரிக்கரையில் கொட்டுவாங்க?

சுவிட்சர்லாந்துல எரிக்கிறாங்களேன்னு கேட்பாங்க. உண்மைதான். கசடை வயல்ல போடுறதைத் தடை பண்ணிட்டு எரிக்கத்தான் செய்றாங்க. ஆனா அங்கே 850 டிகிரி சூடு, வடிகட்டி, விடாத கண்காணிப்பு எல்லாம் இருக்கு. நம்ம 2016 திடக்கழிவு விதியிலும் ஒரு கன மீட்டர் புகைக்கு 0.1 நானோகிராம் டயாக்சின்தான் வரம்புன்னு வெச்சிருந்தாங்க. காகிதத்துல வரம்பு இருக்கு. அளந்து ஊருக்குச் சொல்றது யாரு?

எல்லைக்கு அந்தப் பக்கம் எரிச்சாலும் ஆடிக்காத்து மேற்கேயிருந்துதான் அடிக்குது, மறந்துடாதீங்க. புகைக்குச் செக்போஸ்ட் கிடையாது.

அதனால நம்ம கோரிக்கை இதுதான். ஆலைக் கழிவு சாக்கடையில் கலக்குறதை முதல்ல நிறுத்துங்க. கசடுல என்ன உலோகம், எவ்வளவுன்னு சோதிச்சு, முடிவைத் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் ஊராட்சி அலுவலகத்துல ஒட்டுங்க. அதுவரை எரிப்பு உலைக்கு யாரும் அனுமதி கொடுக்கக் கூடாது. திறந்தவெளியில் கொளுத்துறதுக்கு எப்பவுமே கூடாது.

அடுத்த கிராம சபைக்கு இதைத் தீர்மானமா எழுதி எடுத்துட்டுப் போங்க. தீர்மானப் புத்தகத்துல ஏறின பிறகு கையெழுத்துப் போடுங்க, முன்னாடி வேண்டாம்.

#தென்பெண்ணை #கிராமசபை