வண்டியும் வழியும்: இன்டர்கூலருக்கு நீர் எவ்வளவு, கிளைக்கால் எவ்வளவு?

சென்ற இதழில் டயர்களின் காற்றழுத்தம் பற்றி எழுதியதைப் படித்த தில்லி அன்பர் ஒருவர் ஒரு வினா விடுத்துள்ளார். அவர் சூப்பர்சார்ஜர் பொருத்திய கார் ஒன்றைக் கைமாறி வாங்கியிருக்கிறார். குடியரசு நாள் விடுமுறையில் மனைவி மக்களுடன் மணாலி சென்று, 2020ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதையைக் கடந்து, லாஹௌல் பள்ளத்தாக்கின் பனியைக் குழந்தைகளுக்குக் காட்ட எண்ணம். வண்டியைச் சோதித்த பட்டறைக்காரர், "இன்டர்கூலருக்குத் தண்ணீரே போதும், அதுதான் நன்றாகக் குளிர்விக்கும்" என்றாராம். உதிரிப்பாகக் கடைக்காரரோ, "தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டா, கூலண்டையே முழுக்க ஊற்றுங்கள்" என்றாராம். இருவரில் யார் சொல்வது சரி என்பது அன்பரின் கேள்வி.

இருவர் கூற்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் இருவர் சொற்படியும் நடத்தல் ஆகாது. காரணத்தைப் பார்ப்போம்.

சூப்பர்சார்ஜர் என்பது எஞ்சினுக்குள் காற்றை அழுத்திச் செலுத்தும் கருவி. எஞ்சின் வாரினால் சுழல்வது சூப்பர்சார்ஜர். புகைபோக்கியின் வாயுவால் சுழல்வது டர்போ. நமது ரயில்வே டீசல் எஞ்சின்களில் உள்ளதை 'டர்போ சூப்பர்சார்ஜர்' என்றே வழங்குவர். பெயர் எதுவாயினும் இயற்கை விதி ஒன்றே: அழுத்தப்பட்ட காற்று சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதைச் சிறுவரும் அறிவர். 30 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள காற்றை ஒன்றரை மடங்கு அழுத்தத்துக்கு ஏற்றினால், அது ஏறத்தாழ 85 பாகை வரை சூடாகும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. அதில் பிராணவாயுவும் குறைவு. மேலும் பெட்ரோல் காலம் தப்பி வெடித்து, பிஸ்டனைத் தட்டவும் செய்யும். ஆகவே அக்காற்றைக் குளிர்வித்தே எஞ்சினுக்குள் விடவேண்டும். அவ்வேலையைச் செய்வது இன்டர்கூலர்.

சில வண்டிகளில் எதிர்க்காற்றே இன்டர்கூலரைக் குளிர்விக்கும். அவற்றுக்கு இன்றைய பேச்சு பொருந்தாது. வேறு சிலவற்றில் ஒரு திரவம் இன்டர்கூலரின் சூட்டை வாங்கி, முன்புறமுள்ள சிறிய ரேடியேட்டரில் விட்டுத் திரும்பும். இதற்கென மின்பம்பு ஒன்று உண்டு. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா நிறுவனங்களின் 1 லிட்டர் டிஎஸ்ஐ டர்போ எஞ்சினிலும் நீரால் குளிரும் இன்டர்கூலரே உள்ளது. ஆதலால் இவ்வினா சூப்பர்சார்ஜர் வைத்திருப்போர்க்கு மட்டும் உரியதன்று.

இனிப் பட்டறைக்காரர் சொன்னதை எடுத்துக்கொள்வோம். சூட்டை ஏந்திச் செல்வதில் நீருக்கு நிகரான மலிவுப் பொருள் இல்லை. கூலண்டின் முதன்மைப் பொருளான எத்திலீன் கிளைக்கால் அந்த ஆற்றலில் குறைந்தது, கெட்டியானதும் கூட. நீரும் கிளைக்காலும் சமபங்கு சேர்ந்த கலவை, 20 பாகை வெப்பத்தில் நீரைப்போல் சுமார் நான்கு மடங்கு பிசுப்புடையது. எஞ்சினைச் சுற்றி ஓடும் நீருக்குக் கொதிநிலையை உயர்த்த ஒரு துணை வேண்டும். இன்டர்கூலர்ச் சுற்றிலோ திரவம் அவ்வளவு சூடாவதில்லை. எனவேதான் பந்தய வண்டிக்காரர்கள் நீரில் துருத்தடுப்பு மருந்து மட்டும் சேர்த்து ஓட்டுகிறார்கள். பல பந்தயத் திடல்களில், பாதையில் சிந்தினால் வழுக்கும் என்பதற்காகக் கிளைக்காலுக்குத் தடையும் உண்டு.

ஆனால் அன்பர் செல்வது பந்தயத் திடலுக்கன்று. கேலாங் முதலிய ஊர்களில் குளிர்கால இரவுகளில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 10 பாகைக்கும் தாழ இறங்குவதுண்டு. நீர் உறையும்போது ஏறக்குறைய நூற்றுக்கு 9 பங்கு விரிகிறது. அந்த விரிவுக்கு முன் அலுமினியக் குழாய் எம்மாத்திரம்! இரவு விடுதி வாயிலில் நிறுத்திய வண்டியின் இன்டர்கூலர் காலையில் வெடித்திருக்கும். இதில் இன்னொரு கேடும் உண்டு. சில அமைப்புகளில் இன்டர்கூலர், காற்று எஞ்சினுக்குள் நுழையும் வழியிலேயே அமைந்திருக்கும். அங்கே விரிசல் கண்டால், உருகிய நீர் நேரே சிலிண்டருக்குள் இறங்கும். நீரை அழுத்த முடியாதாகையால் பிஸ்டன் தண்டு வளைந்துபோகும். சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய் எஞ்சினையே இழக்க நேரும். அதுவும் குழந்தைகளுடன், பனி நடுவில்.

கடைக்காரர் சொன்னது போல் முழுக் கிளைக்கால் ஊற்றினால் என்ன? இங்கேதான் ஒரு வியப்பு. தனிக் கிளைக்கால் பூஜ்யத்துக்குக் கீழே 13 பாகையிலேயே உறையத் தொடங்கும். நீருடன் சமபங்கு கலந்தால் 37 பாகை வரை தாங்கும். மூன்றில் ஒரு பங்கு மட்டும் சேர்த்தால் சுமார் 18 பாகை; நூற்றுக்கு 40 சேர்த்தால் சுமார் 24 பாகை. நூற்றுக்கு 60க்கு மேல் சேர்ப்பதால் நமக்குப் பயன் ஒன்றுமில்லை. குளிர்விக்கும் ஆற்றல் குறைவதே மிச்சம்.

இந்தக் கேள்வி புதியதன்று. ஸ்பிட்ஃபயர் விமானத்தை ஓட்டிய ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்சினுக்கு முதலில் தனிக் கிளைக்காலையே ஊற்றினர். பின்னர் 30 பங்கு கிளைக்காலும் 70 பங்கு நீரும் கலந்து, அழுத்தத்தில் ஓடவிடுவதே மேல் எனக் கண்டு மாற்றினர். 1942இல் போருக்கு வந்த மெர்லின் 61இல் இன்டர்கூலருக்கெனத் தனிச் சுற்றும் இருந்தது.

ஆகவே அன்பருக்கு நமது விடை: வண்டியின் கையேடு கூறும் அளவே முதல் விதி. கையேட்டில் ஒரு வரம்பு மட்டுமே கொடுத்திருந்தால், மலைப் பயணத்துக்குச் சமபங்கு ஏற்றது. சென்னை, மும்பை போன்ற உறைபனி அறியா ஊர்களில் மூன்றில் ஒரு பங்கு போதும். அதற்கும் குறைத்தால், கூலண்டில் சேர்ந்துள்ள துருத்தடுப்பு மருந்து போதாமற் போகும்.

எந்தக் கூலண்ட்? நிறத்தைக் கண்டு வாங்கற்க. பச்சை, சிவப்பு, நீலம் என்பவை சாயமே. ஒரே நிறத்தில் வெவ்வேறு மருந்துகள் விற்கின்றன. ஒவ்வாத இரு வகைகள் கலந்தால், கூழ்போல் திரண்டு நுண்குழாய்களை அடைத்துக்கொள்வதும் உண்டு. கையேட்டிலுள்ள தரக்குறியீட்டை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, டப்பாவின் மேல் அதே குறியீடு உள்ளதா எனப் பார்த்து வாங்குக. பழைய திரவம் எவ்வகை எனத் தெரியாவிட்டால், கைமாறிய வண்டியில் பெரும்பாலும் தெரியாது, முழுவதும் வடித்துக் கழுவிவிடுவதே நன்று.

எந்த நீர்? தில்லியில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு மிகுந்தது. சுண்ணாம்பு படிந்து சூடு கடத்துவதைத் தடுக்கும்; குளோரைடு உப்பு அலுமினியத்தை அரிக்கும். வீட்டுச் சுத்திகரிப்புக் கருவியின் நீரிலும் சுவைக்காக உப்புகளை மீளச் சேர்ப்பதுண்டு. ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரில் தூசியும் பாசியும் சேர்ந்திருக்கும். இன்வெர்ட்டர் பாட்டரிக்கு ஊற்றுகிறோமே, அந்தக் கனிமம் நீக்கிய நீரே உரியது.

கலக்கும் முறையையும் சொல்லிவிடுவோம். முன்பே கலந்து விற்கும் கூலண்டுக்கு மேலும் நீர் சேர்க்கலாகாது. கலவாத அடர்கூலண்டாயின் ஒரு நுணுக்கம் உண்டு. சுற்றைக் கழுவியபின் அடியில் சிறிது நீர் தங்கிவிடும். ஆதலால் சுற்றின் கொள்ளளவு 5 லிட்டர் என்றால், முதலில் 2.5 லிட்டர் அடர்கூலண்டை ஊற்றி, எஞ்சிய இடத்தை நீரால் நிரப்புக.

ஏற்கெனவே உரிய கூலண்டே நூற்றுக்கு 30 என்ற அளவில் இருந்து, அதை 50 ஆக்கவேண்டுமாயின், 20ஐ 70ஆல் வகுத்து 5 லிட்டரால் பெருக்குக: 1.43 லிட்டர். அவ்வளவை வடித்துவிட்டு, அதே அளவு அடர்கூலண்ட் ஊற்றினால் கணக்குச் சரியாகும். பின்பு பம்பை ஓடவிட்டுக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றி, ரிஃப்ராக்டோமீட்டர் கொண்டு உறைநிலையை ஒருமுறை பார்த்துவிடுதல் வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கையில் மூடியைத் திறக்கவே கூடாது.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் நஞ்சு. சிறிதளவு உள்ளே சென்றாலும் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிருக்கே உலை வைக்கும். மீந்த கூலண்டைக் குடிநீர்ப் புட்டியிலோ சர்பத் புட்டியிலோ ஊற்றி வைக்காதீர்கள். வடித்த திரவத்தைத் தெருச் சாக்கடையிலும் விடாதீர்கள். நாயும் பூனையும் நக்கி மாளும். குழந்தை தவறிக் குடித்துவிட்டால் நோய்க்குறி தோன்றும்வரை காத்திராமல், டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு விரைக. மாற்று மருந்து உண்டு. அது காலத்தே கொடுத்தால்தான் காக்கும்.

அன்பரின் பயணம் இனிதே நிறைவேறுக. அடுத்த இதழில், மலையிறக்கத்தில் நம்மைக் காக்கும் பிரேக் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கெடுவது எவ்வாறு என்பதைக் காண்போம்.