விளம்பரமும் நேர்மையும்



நம் காரைக்குடிச் சந்தையில் காய் விற்கும் பாட்டி, "பிஞ்சு வெண்டைக்காய் தாயீ, ஒடிச்சுப் பார்த்து வாங்கு!" என்று கூவுகிறார். அதுவும் விளம்பரம்தான். ஆயினும் அவரை ஏமாற்றுக்காரி என்று எவரும் சொல்வதில்லை. சரக்கைப் புகழ்வதோடு, அதைச் சோதிக்கும் உரிமையையும் நமக்குத் தருகிறார் அன்றோ? அப்படியிருக்க, விளம்பரம் என்றாலே ஏமாற்று வேலை என்ற எண்ணம் மக்களிடம் வளர்ந்தது ஏன்?

பொய் சொல்வதால் மட்டுமன்று. நம் மனத்திலுள்ள தாழ்வு எண்ணத்தைத் தூண்டிவிட்டு, அதையே முதலாக வைத்து வாணிபம் செய்வதால்தான் என்பேன்.

'ஃபேர் அண்ட் லவ்லி' என்ற முகக் களிம்பு 1975-ஆம் ஆண்டு நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது. கறுத்த பெண்ணுக்கு வேலையும் வரனும் அமையா; களிம்பு பூசி வெளுத்ததும் எல்லாம் கைகூடும். அதன் விளம்பரங்கள் பலவற்றின் கதை இதுவே. அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் இதை எதிர்த்தது. 2003-இல் சில விளம்பரங்கள் நிறுத்தப்பட்டன. நிறத்தைக் காட்டி எவரையும் தாழ்த்தலாகாது என்று இந்திய விளம்பரத் தர மன்றம் 2014-இல் விதி வகுத்தது. 2020-இல்தான் பெயரிலிருந்த 'ஃபேர்' நீங்கி 'க்ளோ' வந்தது. அதற்கு 45 ஆண்டுகள் ஆயின!

"வேண்டாதவர் வாங்காமல் இருக்கலாமே?" என்பர் சிலர். ஆண்டு விழா ஒத்திகையின்போது ஒரு சிறுமி என்னிடம் வந்து, "அக்கா, நான் கறுப்பு. என்னைப் பின்வரிசையில் நிறுத்துங்கள்" என்றாள். அவள் எந்தக் களிம்பையும் வாங்கியவள் அல்லள். ஆனாலும் இழக்க வேண்டியதை இழந்துவிட்டாள். அந்தப் புண்ணை விளம்பரம் மட்டும் உண்டாக்கவில்லை. நம் வீட்டுப் பேச்சுக்கும் அதில் பங்குண்டு. ஆனால் அதை ஆறவிடாமல் கீறிக்கொண்டே இருப்பது விளம்பரமே.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பொய் விளம்பரத்திற்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு; மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. சட்டம் பொய்யைப் பிடிக்கும். நம் மனத்தில் புகுந்த வெட்கத்தை யார் பிடிப்பது? நாம்தான்.

தோழியரே! இனி ஒரு விளம்பரத்தைக் கண்டால், "இது சரக்கைப் புகழ்கிறதா, என்னைத் தாழ்த்துகிறதா?" என்று கேட்போம். "கறுப்பே அழகு, காந்தலே ருசி" என்பது நம் பாட்டிமார் வாக்கு. அதை வாயளவில் சொல்வதோடு நில்லாமல், அந்தச் சிறுமியை மேடையின் முன்வரிசையில் நிறுத்துவோம்!