ஐஸ்கிரீம் விற்றவரும் கல்வி விற்பவர்களும்

பல் உள்ளவன் பக்கோடா தின்கிறான் என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. பல் வைத்தியம் படிக்கிற விஷயத்தில் இதைச் சற்று மாற்றிச் சொல்ல வேண்டும். பணம் உள்ளவன் படிக்கிறான். பணம் இல்லாதவன் கடன் வாங்கிப் படிக்கிறான். பக்கோடா தின்கிறவர்கள் கல்லூரி நடத்துகிறவர்கள்.

இந்த நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரி பிறந்த கதையை இன்றைய கல்வி வள்ளல்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். ரஃபியுத்தீன் அகமது என்ற வங்காளத்து டாக்டர் அமெரிக்காவில் படித்துத் திரும்பி, 1920-ல் கல்கத்தாவில் அதைத் துவக்கினார். செலவுக்கு வழி? நியூயார்க் சோடா ஃபவுண்டன் என்று ஓர் ஐஸ்கிரீம் கடை வைத்தார். அதில் வந்த காசைக் கல்லூரியில் போட்டார். 1949-ல் கல்லூரியையே மேற்கு வங்க அரசாங்கத்துக்குக் கொடுத்துவிட்டார். அவர் வியாபாரம் செய்து கல்லூரி நடத்தினார். இவர்கள் கல்லூரி நடத்தியே வியாபாரம் செய்கிறார்கள். நூறு வருஷத்தில் நாம் கண்ட முன்னேற்றம் இதுதான்.

இன்று தேசத்தில் முந்நூறுக்கு மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. பெரும்பாலானவை தனியாருடையவை. இவ்வளவு கல்லூரிகள் இருந்தால் படிப்பு மலிந்திருக்க வேண்டாமா? கத்தரிக்காய் அதிகம் விளைந்தால் விலை இறங்குகிறது. இங்கே அந்தச் சந்தை தர்மம் கூட இல்லை.

2020-21 சேர்க்கையில் நடந்ததைப் பாருங்கள். பல் மருத்துவத்தில் சுமார் 7,000 இடங்கள் காலியாகக் கிடந்தன. அவற்றில் அரசுக் கல்லூரி இடங்கள் 265 மட்டுமே. மற்றவை எல்லாம் தனியாரிடம். சரக்கு தேங்கினால் கடைக்காரன் விலையைக் குறைப்பான். இங்கேயோ, மாணவனின் தகுதிக் கோட்டைக் குறைக்க வேண்டும் என்று பல் மருத்துவக் கவுன்சில் சிபாரிசு செய்தது! பல் டாக்டர்கள் போதுமான அளவு இருக்கிறார்கள், 6,080 பேருக்கு ஒருவர் வீதம் இருக்கிறார் என்று மத்திய அரசு மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2021 பிப்ரவரியில், அந்த ஆண்டுக்கு மட்டும் தகுதியைப் பத்துப் புள்ளி இறக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. கூடவே, இடங்கள் நிரம்பாததற்குத் தனியார் கல்லூரிக் கட்டணமும் காரணம் என்பதை ஒப்புக்கொண்டு, அதைக் குறைக்க யோசிக்கும்படி நிர்வாகங்களுக்குச் சொல்லிற்று. மதிப்பெண் இறங்கியது உத்தரவு. கட்டணம் இறங்குவது யோசனை. எது நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

"நாற்காலி என்ன விலை தெரியுமா? கருவிகள், ஆஸ்பத்திரி, ஆசிரியர் சம்பளம் எல்லாம் யார் தருவது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பல் மருத்துவம் கரும்பலகையில் கற்றுக்கொள்கிற வித்தையல்ல. மெழுகில் பல் செதுக்கிப் பழகி, பிறகு உயிருள்ள வாயில் கை வைக்க வேண்டிய வித்தை. செலவு உண்டு. ஆனால் செலவு எவ்வளவு, லாபம் எவ்வளவு என்று கணக்கைக் காட்டட்டுமே!

சிதம்பரம் ஒரு பாடம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013-ல் அரசாங்கம் ஏற்றுக்கொண்ட பிறகும், அங்குள்ள பல் மருத்துவ மாணவர்கள் ஆண்டுக்கு லட்சக் கணக்கில் கட்டினார்கள். வாரக் கணக்கில் போராடினார்கள். 2021-ல் ஓர் உத்தரவு வந்தது. மற்ற அரசுக் கல்லூரிகளைப் போலவே ஆண்டுக்கு 11,610 ரூபாய் என்றாயிற்று. அதே கட்டடம், அதே நாற்காலி, அதே பாடம். மீதியை அரசாங்கம் சுமக்கிறது, உண்மை. அப்படியானால் லட்சம் என்பது படிப்போடு பிறந்த விலையல்ல. யார் சுமப்பது என்று மனிதர்கள் செய்கிற முடிவு அது. முடிவை மாற்றலாம் என்பதை மாணவர்கள் நிரூபித்தார்கள்.

மாற்றாவிட்டால் என்ன நஷ்டம்? நான் கதை எழுதுகிறவன். கணக்கைவிட மனிதர்களைக் கவனிப்பது என் தொழில். ஐந்து வருஷம் படித்து, வீட்டை அடகு வைத்த கடனோடு வெளியே வருகிற இருபத்து மூன்று வயதுப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். பட்டணத்தில் தெருவுக்குத் தெரு பல் ஆஸ்பத்திரி. அங்கே உதவி டாக்டராகப் போனால் கிடைக்கிற சம்பளம் வட்டிக்குக் காணாது. தனியாக வைக்கலாமென்றால் நாற்காலிக்கும் எக்ஸ்ரேக்கும் இன்னொரு கடன். அவள் முன்னால் நீங்கள் வாயைத் திறக்கிறீர்கள். அடைத்தால் போதுமான பல்லுக்கு வேர் சிகிச்சையும் உறையும் போடச் சொல்லுகிற ஆசை அவளுக்கு வராமலிருக்க வேண்டுமானால், அவள் தேவதையாக இருக்க வேண்டும். கடன்பட்ட வைத்தியரிடம் அப்படி ஒரு தெய்வீகத்தை எதிர்பார்க்க நமக்கு என்ன உரிமை? கல்லூரியில் கட்டிய பணம் கடைசியில் நம் வாயிலிருந்துதான் பிடுங்கப்படுகிறது. கிராமத்துக்காரனுக்கோ அதுவும் இல்லை. கன்னம் வீங்கினால் அவன் பஸ் ஏற வேண்டும். 6,080 பேருக்கு ஒருவர் என்ற கணக்கு அவன் வலியைத் தீர்க்காது.

நம்மையும் நான் விடுவதாயில்லை. எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, பி.டி.எஸ்.ஸாவது கிடைக்கட்டும், பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டால் போதும் என்று அலைகிற பெற்றோர் யார்? நம் தெருவில்தான் இருக்கிறார்கள். அந்த இரண்டெழுத்துப் பட்டத்தின் மேல் நமக்குள்ள மோகமே இவர்களுடைய மூலதனம்.

கட்டாய நன்கொடையைத் தமிழ்நாடு 1992-லேயே சட்டம் போட்டுத் தடுத்தது. 1948-ன் பழைய பல் மருத்துவர் சட்டத்துக்குப் பதிலாக 2023-ல் நாடாளுமன்றம் புதிய சட்டம் இயற்றியது. தனியார் கல்லூரிகளிலும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களிலும் பாதி இடங்களின் கட்டணத்துக்கு வழிகாட்டுவதாக அது சொல்கிறது. பாதி இடங்களுக்கு! மேல் வரிசைப் பல்லுக்கு மட்டும் வைத்தியம் பார்த்து, கீழ் வரிசையைச் சொத்தைக்கு விட்டுவிடுகிற டாக்டரை நீங்கள் டாக்டர் என்பீர்களா?

எல்லா இடங்களுக்கும் வரம்பு வேண்டும். ஒவ்வொரு கல்லூரியின் வரவு செலவும் பகிரங்கமாக வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையம்தோறும் ஒரு பல் டாக்டருக்குச் சம்பளத்தோடு வேலை வேண்டும். இவை நடக்கும்வரை, கல்வித் தந்தை என்று எவருக்காவது மாலை போடுகிற மேடையைக் கண்டால், அங்கே கை தட்டாமலாவது இருப்போம்.