எரிந்த பேருந்தை எத்தனை முறை எரிப்பது?



2016 செப்டம்பர் 12 அன்று, காவிரி நீர்ப் பங்கீட்டுக் கலவரத்தில் பெங்களூரில் தமிழ்நாட்டு கே.பி.என். நிறுவனத்தின் பேருந்துகள் கொளுத்தப்பட்டன. தீ அணைந்த பிறகும் டிவியில் அவை எரிந்துகொண்டே இருந்தன. நிதானம் காட்டுங்கள் என்று சேனல்களிடம் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகமே கேட்க வேண்டியதாயிற்று. தமிழரும் கன்னடரும் அடுத்தடுத்த வீட்டில் வாழும் எங்கள் பகுதிக்கு அந்தக் காட்சிகள் செய்த கெடுதல் கொஞ்சமல்ல.

இனி இப்படிப்பட்ட காட்சிகள் வந்தால் ரிமோட்டைத் தூக்கிப்போட்டுப் புலம்பாதீர்கள். சேனல் பெயர், தேதி, நேரம் மூன்றையும் குறித்துக்கொண்டு அதன் குறைதீர் அலுவலருக்குப் புகார் எழுதுங்கள். 2021-இல் திருத்திய கேபிள் டிவி விதிகளின்படி சேனல் 15 நாளில் முடிவு சொல்லியாக வேண்டும். திருப்தி இல்லையென்றால் சேனல்களின் சுய ஒழுங்குமுறை அமைப்பிடம் மேல்முறையீடு செய்யலாம். கன்னடச் சேனலோ தமிழ்ச் சேனலோ, தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

– ஒரு வாசகர், ஜீவனஹள்ளி, பெங்களூரு