ஒரு பொருளுக்கு எத்தனை பெயர்?

2018-ஆம் ஆண்டு நீட் தேர்வின் தமிழ் வினாத்தாளில் ‘சீத்தா’ என்றொரு விலங்கு வந்தது. ஆங்கிலப் பெயரை அப்படியே தமிழ் எழுத்தில் போட்டுவிட்டார்கள். சிறுத்தை என்றல்லவா இருக்க வேண்டும் என்று அப்போது பலரும் கொதித்தார்கள். அதுவும் சரியில்லை. சிறுத்தை வேறு, ‘சீத்தா’ எனப்படும் சிவிங்கி வேறு. பிழை செய்தவரும் திருத்த வந்தவரும் ஆளுக்கொரு பெயர் சொன்னால், மூன்று மணி நேரத்தில் 180 கேள்விகளை முடித்தாக வேண்டிய மாணவி எதை நம்புவாள்?

அந்த வினாத்தாளில் 49 கேள்விகள் பிழையானவை என்று அன்றைய மாநிலங்களவை உறுப்பினர் டி.கே.ரங்கராஜன் தொடுத்த வழக்கில், தமிழில் எழுதியவர்களுக்கு 196 மதிப்பெண் வழங்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஜூலையில் உத்தரவிட்டது. நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. விடை சரியோ தவறோ எல்லோருக்கும் ஒரே அளவில் மதிப்பெண்ணை அள்ளிக் கொடுப்பது முறையல்ல என்பது நமக்கும் உடன்பாடுதான். ஆனால், தீர்ப்பு வந்ததும் வேலை முடிந்தது என்று அத்தனை பேரும் கலைந்து போனார்களே, அதுதான் பொறுக்கவில்லை.

பழியை முழுவதும் தில்லியின் தலையில் கட்டுவதற்கில்லை. தமிழில் பெயர்த்தவர் எந்தப் பட்டியலைப் பார்த்து எழுதியிருக்க வேண்டும் என்று கேட்டால், காட்டுவதற்கு நம்மிடம் என்ன இருந்தது? நம் பாடநூல்களிலேயே ஓரிடத்தில் உட்கரு, வேறோரிடத்தில் நியூக்ளியஸ். ஒரு நூலில் விரவல், இன்னொன்றில் பரவல். குன்றல் பகுப்பு என்று படித்தவர் முன்னால் மியாசிஸ் வந்து நிற்கும். ‘ரெண்டும் ஒண்ணுதான்’ என்று வகுப்பில் ஆசிரியர் சொல்லிக் கடந்துவிடலாம். தேர்வுக்கூடத்தில் அதைச் சொல்ல ஆளில்லை. நீட் தேர்வின் 720 மதிப்பெண்ணில் சரிபாதி, 360, உயிரியலுக்கு உரியது என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சொற்கள் அதிகம் என்பது நம் குறையன்று. எந்த மொழியில் படித்தாலும் உயிரியல் சொல் மிகுந்த பாடம்தான். புரிந்து படித்தால் அந்தச் சுமை குறையும். நார்த்தங்காயை நறுக்கி உப்புப் போட்டு ஜாடியில் வைத்தால், ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலே மறுநாள் அடியில் நீர் தேங்கி நிற்கும். காயின் செல்களுக்குள் இருந்த நீர், செல்லின் சவ்வைத் தாண்டி, உப்பு மிகுந்த பக்கத்துக்கு வந்திருக்கிறது. இதைப் பார்த்த பிள்ளைக்குச் ‘சவ்வூடு பரவல்’ என்ற சொல்லை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இல்லை. சவ்வின் ஊடாகப் பரவுகிறது, அவ்வளவுதான். நீராவிப்போக்கும் ஒளிச்சேர்க்கையும் இதே போலத் தம்மைத் தாமே விளக்கிக்கொள்ளும் சொற்கள். இப்படிப் பிடிபட்ட சொல்லை அடுத்த வகுப்பில் மாற்றிவிட்டால், பிள்ளை திரும்பவும் உருப்போடத் தொடங்க வேண்டியதுதான்.

இலங்கையில் 1950-களிலிருந்து அரசே துறைவாரியாகக் கலைச்சொல் தொகுதிகளை வெளியிட்டது. அங்கே செல் என்பது கலம், மைட்டோகாண்ட்ரியா இழைமணி, குரோமோசோம் நிறமூர்த்தம். பள்ளியின் இறுதிக் கட்டமான உயர்தரம் வரை உயிரியலைத் தமிழில் படித்துத் தேர்வெழுதி மருத்துவ பீடத்துக்குள் நுழைகிறார்கள். நாம் தமனி, சிரை என்பதை அவர்கள் நாடி, நாளம் என்கிறார்கள். எது அழகு என்று பட்டிமன்றம் நடத்தலாம்; நமக்கு அதில் ஆர்வமில்லை. சொல்லை முடிவு செய்து, அதையே பாடநூலிலும் வினாத்தாளிலும் புழங்கவிட்டார்கள் என்பதுதான் கவனிக்கத் தக்கது.

மருத்துவக் கல்லூரியில் எப்படியும் ஆங்கிலம்தானே, பள்ளியிலேயே ஆங்கிலச் சொல்லைப் பழக்கிவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ஆங்கிலப் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில் மறுப்பில்லை. டி.என்.ஏ., மைட்டோகாண்ட்ரியா போன்றவை அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். அவற்றுக்கு மல்லுக்கட்டிப் புதுச்சொல் ஆக்கி யாருக்கும் லாபமில்லை. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு முடிப்பவர்கள் எல்லோரும் டாக்டராகப் போவதில்லை. தன் ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் பூச்சிமருந்து டப்பாவின் எச்சரிக்கையையும் புரிந்துகொள்ளும் அளவுக்கு உயிரியல் எல்லோருக்கும் வேண்டும். அந்தப் புரிதல் தாய்மொழியில்தான் முதலில் வரும்.

நீட் வேண்டுமா வேண்டாமா என்பது தனி வழக்கு. அது தீரும்வரை தேர்வெழுதும் பிள்ளைகள் காத்திருக்க முடியாது. ஆறு முதல் பன்னிரண்டு வரை உயிரியலுக்கு ஒரே சொற்பட்டியலை மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் பாடநூல்களின் அடுத்த பதிப்புக்கு முன் முடிவு செய்ய வேண்டும். பாடம் எழுதும் பேராசிரியர்களோடு, அதை நாற்பது பிள்ளைகளுக்கு நடத்தும் அரசுப் பள்ளி ஆசிரியர்களும் அந்தக் குழுவில் இருக்க வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் ஆங்கிலப் பெயரும் அச்சாகட்டும். அரசுத் தேர்வுகள் இயக்ககம் அந்தப் பட்டியலை மீறிய சொல்லை வினாத்தாளில் அனுமதிக்கக் கூடாது. அதே பட்டியலை மாநில அரசு, நீட் தேர்வை நடத்தும் தேசியத் தேர்வு முகமையிடம் முறைப்படி ஒப்படைத்து, தமிழ் வினாத்தாளுக்கு இதுவே ஆதாரம் என்று எழுத்தில் உறுதி வாங்க வேண்டும். ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்ற விதியைச் சுட்டிக்காட்டித் தமிழ்ப் பிழைகளுக்குப் பொறுப்பேற்காமல் நழுவும் வழியையும் அப்போதுதான் அடைக்க முடியும்.