எதிரே வருபவரிடம் இன்சூரன்ஸ் இல்லையென்றால்?

போன தை மாதம் திருவண்ணாமலை கோவிலுக்குப் போய்விட்டு எங்கள் பழைய மாருதி காரில் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பின்னால் வந்த மினி லாரி இடித்ததில் காரின் பின்பக்கம் அப்பளமாக நொறுங்கிவிட்டது. எனக்கு வலது கையில் எலும்பு முறிவு.

லாரிக்காரர் கையைப் பிசைந்துகொண்டு, "இன்சூரன்ஸ் முடிஞ்சு ஏழு மாசம் ஆச்சும்மா, கட்ட முடியல" என்றார். "சரி, நம்ம வண்டிக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கேங்க" என்று என்னவரிடம் சொன்னேன். அவர் பேசவே இல்லை. பழைய வண்டிதானே, சில ஆயிரம் மிச்சமாகட்டுமே என்று 'தேர்ட் பார்ட்டி' மட்டும்தான் கட்டியிருந்தார். அது நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் நஷ்டத்துக்குத்தான். நம் காருக்குப் பைசா வராது. ரிப்பேருக்கு 42 ஆயிரம் ஆனது. என் வளையல் அடகுக் கடைக்குப் போனது.

'லாரிக்காரர் மேல கேஸ் போடு' என்று எல்லோரும் சொன்னார்கள். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் போடலாம்தான். இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் வண்டிச் சொந்தக்காரரே தரவேண்டும் என்று தீர்ப்பாகும். ஆனால் அந்த ஓட்டை லாரியைத் தவிர ஒன்றுமில்லாதவரிடம் எதை வசூலிப்பது? இடித்துவிட்டு நிற்காமல் போய், எந்த வண்டி என்றே தெரியாவிட்டால் அரசாங்கத் திட்டம் ஒன்று இருக்கிறது. 2022 ஏப்ரல் முதல் உயிரிழப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50 ஆயிரம் ரூபாய். எங்களுக்குத்தான் லாரி யாருடையது என்று தெரியுமே, அதனால் அதுவும் கிடையாது.

ஆகவே சகோதரிகளே, நம் பாதுகாப்பை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். காருக்கு 'ஃபுல் இன்சூரன்ஸ்' இருந்தால் எதிரே வந்தவரிடம் பாலிசி இருக்கிறதோ இல்லையோ, நம் கம்பெனி ரிப்பேருக்குத் தரும். அடுத்த வருஷம் போனஸ் தள்ளுபடி போகலாம், அவ்வளவுதான். பாலிசியோடு சேரும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, ஆர்.சி. புத்தகத்தில் பேர் உள்ளவர் லைசென்ஸோடு ஓட்டும்போது அவருக்கு மட்டும்தான். பக்கத்தில் உட்காரும் நமக்கோ, பின்சீட்டுக் குழந்தைகளுக்கோ இல்லை. உடன் பயணிப்பவர்களுக்கென்று கொஞ்சம் கூடுதலாகக் கட்டிச் சேர்க்கச் சொல்லுங்கள். அதுவும் உயிரிழப்பு, நிரந்தர ஊனத்துக்குத்தான். ஆஸ்பத்திரிச் செலவுக்கு மெடிக்கல் இன்சூரன்ஸ் தனியாக வேண்டும்.

இவ்வளவும் தெரிந்துகொண்ட பிறகு வீட்டு பீரோவைக் குடைந்தேன். பகீரென்றது! நான் தினமும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடும் ஸ்கூட்டருக்கு இன்சூரன்ஸ் 2024-லேயே முடிந்திருந்தது. சாலைப் பாதுகாப்புக்காகக் கோவை டாக்டர் எஸ்.ராஜசேகரன் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, 2018 செப்டம்பர் முதல் புது டூவீலருக்கு 5 வருஷம், புதுக் காருக்கு 3 வருஷம் தேர்ட் பார்ட்டியை வாங்கும்போதே கட்டிவிடுகிறோம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் 5 வருஷம் கழித்து யாருக்கு ஞாபகம் இருக்கிறது? 2019-ல் வாங்கிய வண்டியை நாங்களும் அப்படித்தான் விட்டுவிட்டோம். அந்த லாரிக்காரரை வாய்க்கு வந்தபடி திட்டினேனே, நான் யார் மேலாவது மோதியிருந்தால் அந்தக் குடும்பமும் என்னைப் பார்த்து அப்படித்தானே திட்டியிருக்கும்?

பாலிசி இல்லாமல் முதல் தடவை பிடிபட்டால் அபராதம் 2,000 ரூபாய், 3 மாதம் வரை ஜெயிலும் உண்டு. 2022-ல் அறிவித்த கட்டணப்படி, 75-லிருந்து 150 சி.சி. வரையுள்ள டூவீலருக்கு வருஷத்துக்கு 714 ரூபாயும் வரியும்தான் தேர்ட் பார்ட்டி. தீபாவளிக்கு ஒரு புடவை குறைத்தால் போச்சு.

ஹெல்மெட்டை மறிக்கிற போலீஸ், இன்சூரன்ஸையும் அதே கண்டிப்போடு பார்க்க வேண்டும். அதுவரை காத்திராமல், இன்றைக்குச் சமையல் முடிந்ததும் பீரோவைத் திறந்து பாலிசி முடியும் தேதியைப் பாருங்கள். காலண்டரில் பால் கணக்குப் பக்கத்திலேயே அதையும் குறித்து வையுங்கள்.

- ஒரு வாசகி, விழுப்புரம்.