கடல் வற்றக் காத்திருக்கும் கொக்குகள்

போன மாதம் காரைக்கால் பாரதியார் வீதி டீக்கடையில் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் எனக்குப் பொருளாதாரப் பாடம் எடுத்தார். அவர் வீட்டு லேப்டாப்பை ஆன் பண்ணிவிட்டுக் குளித்து, பூசை முடித்து வந்தாலும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். “ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிட்டு ஒரு எஸ்.எஸ்.டி. போடுங்க சார்” என்று அன்றைக்கும் சொன்னேன். “எலெக்ட்ரானிக் சாமான் விலை என்னிக்கும் இறங்குமுகம்தான் தம்பி. ஜி.எஸ்.டி.யும் குறைச்சிட்டான். கொஞ்சம் பொறுங்க, பாதி விலைக்கு வரும்” என்றார். பக்கத்து பெஞ்சில் நாலு தலை ஆமாம் என்று ஆடியது.

கடல் வற்றினால் கருவாடு தின்னலாம் என்று காத்திருந்து உடல் வற்றிச் செத்த கொக்கை, காரைக்கால்காரர்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

விலை தானாக இறங்கும் என்பவர்களுக்கு நான் காட்டுவது ஒரே ஒரு தேதி: 2025 டிசம்பர் 3. 29 ஆண்டுகளாக வீட்டுக் கணினிக்காரர்களுக்கு ரேமும் எஸ்.எஸ்.டி.யும் விற்றுவந்த க்ரூஷியல் பிராண்டை இழுத்து மூடப்போவதாக அமெரிக்காவின் மைக்ரான் அன்றைக்குத்தான் அறிவித்தது. கம்பெனி நொடித்துப்போய் மூடவில்லை. ஏ.ஐ. டேட்டா சென்டர்காரர்கள் லாரி லாரியாகக் கேட்கிறார்கள், பெரிய வாடிக்கையாளர்களுக்குச் சரக்கு அனுப்பவே போதவில்லை, ஆகவே சில்லறை வியாபாரம் வேண்டாம் என்று மூடினார்கள். சில்லறை என்றது நம்மைத்தான். எஸ்.எஸ்.டி.க்குள் இருக்கும் ஃபிளாஷ் சிப்பை உலகத்தில் செய்யும் பெரிய கம்பெனிகளை விரல்விட்டு எண்ணலாம்: சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், கியோக்ஸியா, சான்டிஸ்க், மைக்ரான், சீனாவின் ஒய்.எம்.டி.சி. அதில் ஒருவர் கடைவாசலில் நிற்கும் நம்மைப் பார்த்து ‘போய் வா’ என்கிறார். நாம் ‘பொங்கல் ஆஃபர் எப்போது?’ என்று கேட்டுக்கொண்டு நிற்கிறோம்.

இதற்கு முன் விலை இறங்கியதே என்பார்கள். இறங்கியது. காலண்டர் தாள் கிழிந்ததால் இறங்கவில்லை. 2013இல் சாம்சங் 24 அடுக்குகளாக அடுக்கிய ஃபிளாஷ் சிப்பை 2024இல் ஹைனிக்ஸ் 321 அடுக்குக்குக் கொண்டுபோனது. ஒரு செல்லில் ஒரு பிட் வைத்திருந்தவர்கள் மூன்று, நான்கு என்று திணித்தார்கள். அதற்கு மேல், 2022இன் கடைசியில் உலகமெங்கும் சரக்கு தேங்கி, 2023இல் சாம்சங்கின் சிப் பிரிவுக்கு மட்டும் 14 லட்சம் கோடி வோனுக்கு மேல் நட்டம். நாம் சுமார் 2,500 ரூபாய்க்கு 500 ஜிபி எஸ்.எஸ்.டி. வாங்க முடிந்தது அந்த நட்டத்தின் புண்ணியத்தில். கம்பெனிகள் உற்பத்தியைக் குறைத்தன, விலை திரும்பியது. அந்த 2023இலும் நம் கொக்குகள் என்ன சொன்னார்கள் தெரியுமா? “இன்னும் இறங்கும், பொறு.”

அடுத்தது ஜி.எஸ்.டி. புராணம். 2025 செப்டம்பர் 22இல் பெரிய டி.வி.க்கும் ஏ.சி.க்கும் 28 சதவீதம் 18 ஆனது. கணினிச் சாமானுக்கு முன்பும் 18தான், இப்போதும் 18தான். காரைக்காலில் வாங்கினால் மலிவு என்பது அதைவிடப் பழைய புராணம். வரி குறைவு என்று நாகூரிலிருந்து வாஞ்சூர் தாண்டி இங்கே வந்து மிக்ஸியும் டி.வி.யும் வாங்கிப்போன காலம் ஒன்று உண்டு. 2017 ஜூலை 1இல் அந்தக் கணக்கு முடிந்தது. பெட்ரோல், சாராயம் போன்ற சிலதான் ஜி.எஸ்.டி.க்கு வெளியே நிற்கின்றன, எஸ்.எஸ்.டி.யை பங்கில் ஊற்றி விற்றால்தான் நமக்கு யூனியன் பிரதேசத்துச் சலுகை கிடைக்கும். கெட்டுப்போனால் வாரண்டிக்கு சென்னைக்குக் கூரியர் அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்கும் சலுகை மட்டும் தாராளமாகக் கிடைக்கிறது.

வெளிநாட்டில் ஆள் இருக்கும் சபராளி வீடுகளில் வேறு பாட்டு. “மச்சான் சிங்கப்பூர்லேருந்து வர்றப்ப வாங்கிட்டு வருவான்.” அங்கே ஜி.எஸ்.டி. 9 சதவீதம்தான், ஒப்புக்கொள்கிறேன். சிப்பின் விலையோ உலகச் சந்தையில் நிர்ணயமாகிறது. வாரண்டிதான் ஊருக்கு ஊர் மாறும். பாரிஸ் மாமாவை நம்பியிருப்பவர்களுக்கு ஒரு தகவல்: பிரான்சில் வாட் 20 சதவீதம்.

“குஜராத்துல சிப் ஃபாக்டரி வருதே சார்?” அங்கே சானந்தில் உள்ள மெமரி சிப் ஆலை யாருடையது? மைக்ரானுடையது. அதே மைக்ரான், அதே டிசம்பர் 3! அங்கே நடப்பது வெளியிலிருந்து வரும் சிலிக்கானை வெட்டி, உறையிட்டு, சோதிக்கும் வேலை. நமக்குச் சில்லறையில் விற்கமாட்டேன் என்று கடையைக் கட்டியவன் சானந்தில் கொட்டகை போட்டதால் மட்டும் காரைக்காலுக்கு மலிவாக அனுப்புவானா?

காத்திருப்பதால் நட்டமில்லை என்று நினைப்பவர்கள் பழைய லேப்டாப்பின் அடிமூடியை ஒருமுறை கழற்றிப் பார்க்கட்டும். நம் ஊர் உப்புக் காற்றில் திருகாணித் தலைகள் செம்பழுப்பாக இருக்கும். உள்ளே ஹார்டு டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 5,400 சுற்று, அதாவது விநாடிக்கு 90. விண்டோஸ் எழுந்திருக்க ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஊசி இடம் பார்த்து நகர, தட்டு சுற்றிவர, விநாடியில் நூறில் ஒரு பங்காவது போகும். எஸ்.எஸ்.டி.க்கு அதே வேலைக்குப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு போதும். கம்ப்யூட்டர் சென்டரில் சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வரிசையில் நிற்கும் அம்மாக்களுக்கு அந்த வித்தியாசம் காலில் தெரியும். சென்டர்காரரும் விலை இறங்கக் காத்திருப்பவர்தான்.

இந்த ஏமாளித்தனத்தில் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். விண்டோஸ் 10ஐ 2025 அக்டோபர் 14இல் கைகழுவிய மைக்ரோசாஃப்ட், ஓடுகிற லேப்டாப்பைக் குப்பை என்கிறது. போன் கம்பெனிகள் மெமரி கார்டு துளையை அடைத்துவிட்டு கிளவுடுக்கு மாத வாடகை கேட்கின்றன. ஆன்லைனில் ஐந்நூறு ரூபாய்க்கு 2 டி.பி. பென்டிரைவ் விற்கிறான் ஒருவன். உள்ளே இருப்பது சின்னஞ்சிறு சிப், மேலே பொய் சொல்லும் மென்பொருள்; சிப் நிறைந்ததும் பழைய கோப்பின் மேலேயே புதியதை எழுதும். மலிவுக்குக் காத்திருந்த ஆள்தான் கடைசியில் அதை வாங்குகிறார். ரேம் விலையைக் கூட்டுச் சேர்ந்து ஏற்றியதற்காக 2005இல் அமெரிக்காவில் சாம்சங் 30 கோடி டாலர் அபராதம் கட்டியது. அந்தச் சந்தையின் தரும சிந்தனையை நம்பித்தான் நம் ஆட்கள் தினம் அரைமணி நேரம் வட்டம் பார்க்கிறார்கள்.

ஒரு டி.பி. கனவை விடுங்கள். விண்டோஸுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் 256 ஜிபி போதும். அதை இந்த மாதமே, பில்லோடு, தெரிந்த கடையில் வாங்குங்கள். கழற்றிய ஹார்டு டிஸ்க்கைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு யு.எஸ்.பி. உறை வாங்கி அதில் மாட்டி, கல்யாணப் படங்களையும் பத்திர நகல்களையும் அதிலும் ஒரு பிரதி வையுங்கள். வருடக்கணக்கில் மின்சாரம் காட்டாமல் அலமாரியில் போட்டுவைத்த எஸ்.எஸ்.டி.யில் மின்னேற்றம் கசிந்து தகவல் அழியக்கூடும். காந்தத் தட்டில் எழுதியதற்கு அந்தப் பிரச்சினை இல்லை.